இழுத்துக் கட்டினால்தான் கூடாரம்

டனல் டென்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, மூன்று வளைவுக் கம்புகளையும் உறைக்குள் செருகி நிமிர்த்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். பழுது ஒன்றுமில்லை, அதன் இயல்பே அதுதான். டோம் டென்டில் கம்புகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போவதால் முளை அடிக்காமலேயே நிற்கும். தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கலாம். டனல் டென்டின் கம்புகளோ கூண்டு வண்டியின் மூங்கில் வளைவுகளைப் போல வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை. கூண்டு வண்டியிலாவது வளைவுகளை நீளவாக்கில் பிணைக்க வரிச்சு உண்டு. இங்கே வரிச்சின் வேலையைத் துணியே செய்ய வேண்டும். துணி அந்த வேலையைச் செய்வது முன்னும் பின்னும் விறைப்பாக இழுக்கப்பட்டால் மட்டுமே.

பிரிட்டனில் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு முகாம் போகிறவர்கள் பலர் வாங்குவது இந்த வகையைத்தான். நம் தமிழ்க் குடும்பங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, ஜூலையில் 200 பவுண்டுக்கு ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. வாங்கோ, கோல்மன், யூரோஹைக், டெகத்லானின் கெச்சுவா என்று பல பெயர்களில் வந்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றே: மூன்று அல்லது நான்கு ஃபைபர் (கண்ணாடி இழை) கம்புகள், பாலியெஸ்டர் வெளித்துணி, பின்பக்கம் தொங்கும் உள் அறைகள், முன்பக்கம் உட்கார ஒரு கூடம். சுவர் ஏறக்குறையச் செங்குத்தாக எழுவதால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இந்த விலைக்கு இவ்வளவு புழங்கும் இடம் வேறெந்த அமைப்பும் தராது. கம்புக்குப் பதிலாகக் காற்றடிக்கும் குழாய் உள்ள டென்டுகள் எழுப்ப எளிதானவைதான். ஆனால் அதே அளவு டென்டுக்கு விலையும் எடையும் கூடுதல். முதல் டென்டுக்கு அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை எங்கே போட வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும்போது

பெட்டியில் '4 பேர்' என்று போட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று பொருள். ஆளுக்கு 60 முதல் 70 செ.மீ. கணக்கு. வீட்டில் இருக்கும் இரட்டைக் காற்று மெத்தை ஒன்று சுமார் 137 செ.மீ. அகலம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 274. அறையின் அகலம் 240 என்றால் மெத்தை உள் துணியைத் தள்ளும், உள் துணி போய் வெளித்துணியில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் விடியும்போது போர்வை நனைந்திருக்கும். மழையே பெய்யாத இரவிலும் இது நடக்கும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் அறையின் அகலத்தைச் செ.மீ.யில் பாருங்கள். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 5 அல்லது 6 பேர் டென்ட் சரியாக இருக்கும். அதற்கும் மேலே போனால் வேறு தொல்லை. சில முகாம் திடல்களில் பெரிய டென்டுக்குக் கூடுதல் கட்டணம், காற்று மோதும் பரப்பும் கூடும். ஒரு 6 பேர் டென்டின் பை 70 செ.மீ. நீளம், 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். நான்கு பேர் ஏறிய சிறிய காரில் அது எங்கே போகும் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

வெளித்துணியின் நீர்தாங்கும் திறனை மி.மீ.யில் சொல்வார்கள். 3000 மி.மீ. என்றால் துணியின் மேல் 3 மீட்டர் உயரத் தண்ணீர்த் தம்பம் நின்றால்தான் துளி கசியத் தொடங்கும். மழைக்கு 1500 போதும், மலிவு விலை டென்டுகளிலேயே 3000 கிடைக்கிறது. 6000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தண்ணீர் துணி வழியாக வருவது அரிது. தையல் வழியாகவும், ஜிப் வழியாகவும், கயிறு கட்டும் இடத்தில் ஊசி போட்ட துளை வழியாகவும்தான் வரும். கடையில் டென்டை விரித்து வைத்திருந்தால் உள்ளே போய்த் தையல்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். பளபளப்பான பட்டை சுருக்கமில்லாமல், விளிம்பு எழும்பாமல் ஒட்டியிருக்க வேண்டும். தரைத்துணிக்கு மட்டும் அதிகத் திறன் வேண்டும். முழங்காலை ஊன்றி எழும்போது அந்தச் சிறு இடத்தில் விழும் அழுத்தம் மழையின் அழுத்தத்தைவிட எவ்வளவோ மடங்கு. தார்ப்பாய் போல நெய்த பாலிஎதிலீன் தரைத்துணி பார்க்க முரடாக இருந்தாலும் இதற்கு நல்லது.

கம்பின் பருமனையும் கேளுங்கள். நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள டென்டுக்கு 8.5 மி.மீ. ஃபைபர் கம்பு போதாது, 11 அல்லது 12.7 வேண்டும்.

உள் அறைக்கு வெளிச்சம் புகாத இருட்டறைத் துணி வெறும் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஜூன் மாத பிரிட்டனை மறந்துவிடுகிறார்கள். கோடையின் உச்சத்தில் லண்டனில் சூரியன் காலை 4:43க்கு உதித்து இரவு 9:21க்கு மறைகிறது. எடின்பரோவில் மறைவதற்கு இரவு 10 மணி தாண்டும். சாதாரண வெளிர்த் துணிக்குள் பிள்ளைகளைத் தூங்க வைப்பதும், ஐந்து மணிக்கு மேல் தூங்க வைத்திருப்பதும் நடக்காத காரியம். சிறு பிள்ளைகள் இருந்தால் மற்ற எந்த வசதியையும் விட்டுக்கொடுத்து இதை எடுக்கலாம்.

முளைக்குத்தான் முதல் செலவு

மிச்சமான பணத்தில் 20, 30 பவுண்டு போக வேண்டிய இடம் இது. டென்டோடு வரும் முளைகள் ஒல்லியான வட்டக் கம்பிகள், ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஈர மண்ணில் கயிறு இழுத்தால் அவை துளைக்குள்ளேயே சுழன்று மேலே வந்துவிடும், கல்லில் பட்டால் வளையும். நிற்பதற்கே முளையை நம்பியிருக்கும் ஒரு கூடாரத்தோடு இதைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

பெரிய ஆணி போன்ற கெட்டி எஃகு முளைகள் கடையில் கிடைக்கும். தலையில் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். 20 வாங்கி, நான்கு மூலைகளுக்கும் முக்கிய இழுகயிறுகளுக்கும் அவற்றையே போடுங்கள். பழைய கம்பிகளை, டென்டின் அடி ஓரத்தில் தரையில் படியும் பாவாடைத் துணியின் சிறு வளையங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பீக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் புல்லுக்குக் கொஞ்சம் கீழேயே சுண்ணாம்புப் பாறை இருக்கும். அங்கே இந்த ஆணி முளையைத் தவிர வேறெதுவும் இறங்காது. கார்ன்வாலின் கடற்கரை மணல்மேட்டுத் திடல்களில் கதை தலைகீழ். ஆணி முளை வெண்ணெயில் குத்தியதுபோல இறங்கி, அதே வேகத்தில் வெளியே வரும். அங்கே 30 செ.மீ. நீளமுள்ள அகலமான முளைகள், பிளாஸ்டிக்கோ வி வடிவத் தகடோ, மண்ணை அணைத்துப் பிடிப்பவையாக வேண்டும்.

அடிக்கும் கோணம் மாடு கட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முளையின் தலை டென்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும், கயிறும் முளையும் ஏறக்குறையச் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். தலை டென்டைப் பார்த்துச் சாய்ந்தால் கயிறு வழுக்கிக்கொண்டு மேலேறும். முளையைப் பாதி வெளியே விட்டு அதன் உச்சியில் கயிறு கட்டுவதும் தவறு. நெம்புகோல் போல வேலைசெய்து முளை தளர்ந்துவிடும். தலை புல்லோடு புல்லாக இறங்கட்டும். பிள்ளைகள் தடுக்கி விழாமலும் இருப்பார்கள்.

எழுப்பும் வரிசை

இடம் பார்க்கும்போது புல்லின் நிறத்தையும் பாருங்கள். மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாக, கோரை போன்ற தடித்த புல் கொத்துக் கொத்தாக நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும். மரத்தடி நிழல் கண்ணைக் கவரும். ஆனால் மழை நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும், காற்றில் கிளை விழும் ஆபத்தும் உண்டு. சரிவான நிலமென்றால் உள் அறைகள் மேட்டுப்பக்கமும் வாசல் பள்ளத்துப்பக்கமும் வருமாறு நீளவாக்கில் போடுங்கள். தலை மேடாக இருக்கும், உள்ளே வந்த தண்ணீரும் வாசல் வழியாக இறங்கும். பக்கவாட்டுச் சரிவில் போட்டால் இரவு முழுக்கக் குடும்பமே ஒரு ஓரத்துக்கு உருண்டு சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. பிரிட்டனில் பெரும்பாலும் அது தென்மேற்கிலிருந்து வரும். டென்டின் தாழ்ந்த, சரிந்த பின்பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். வாசல் எதிர்த்திசையில். நிலச்சரிவும் காற்றும் முரண்பட்டால் காற்றுக்கே முதலிடம் கொடுங்கள். எந்தத் திடலிலும் அண்டை டென்டோடு இடைவெளி விட வேண்டும். பல இடங்களில் தீப் பாதுகாப்புக்காக 6 மீட்டர் கேட்பார்கள். உங்கள் இழுகயிறுகள் எட்டும் தூரத்தையும் சேர்த்தே இடத்தை அளந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை, எல்லாக் கதவு ஜிப்களையும் மூடுவது. திறந்து வைத்தபடி மூலைகளை முளையடித்துவிட்டால், பிறகு கதவின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று எட்டாது. வலிந்து இழுத்தால் ஜிப் பல் கழன்றுவிடும். மலிவு டென்டில் முதலில் சாகும் உறுப்பு ஜிப். பல நேரம் அதற்குக் காரணம் இந்த ஒரு பிழைதான்.

துணியை விரித்து, காற்று வரும் பக்கத்துப் பின்மூலை இரண்டையும் அடித்துவிடுங்கள். இனித் துணி பறக்காது. அடுத்து கம்புகள். துண்டு துண்டாக, உள்ளே ஓடும் ரப்பர் கயிற்றில் கோத்திருக்கும். ஒவ்வொரு இணைப்பும் முழுவதும் உள்ளே இறங்கியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அரைகுறையாகச் செருகிய இணைப்பில்தான் வளைக்கும்போது ஃபைபர் பிளக்கும். உறைக்குள் கம்பைத் தள்ள வேண்டும், ஒருபோதும் எதிர்முனையிலிருந்து இழுக்கக் கூடாது. இழுத்தால் இணைப்புகள் உறைக்குள்ளேயே கழன்று, துணிச் சுருக்கத்தில் சிக்கிக்கொள்ளும். கழற்றும்போதும் இதே விதிதான், தள்ளியே எடுக்க வேண்டும்.

கம்புகள் எல்லாம் உறைக்குள் போன பிறகு, ஒரு பக்கத்து முனைகளை டென்டின் அடி விளிம்பில் வளையத்தோடு தொங்கும் ஊசியில் செருகுங்கள். மறுபக்கம் போய் ஒவ்வொன்றையும் வளைத்துச் செருகுங்கள். ஒருவர் வளைவின் உச்சியைத் தூக்கிக் கொடுத்தால் மற்றவருக்கு வலியில்லை. இப்போது டென்ட் தரையில் மடிந்து கிடக்கும். முன்பக்கம் நின்று இருவருமாக இழுங்கள். ஆர்மோனியத் துருத்தி விரிவதுபோல வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். விறைப்பாகப் பிடித்தபடியே முன்மூலைகளை அடியுங்கள்.

பெரும்பாலானோர் இத்தோடு வேலை முடிந்தது என்று நாற்காலி போட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பத்தடி தள்ளிப் போய் நில்லுங்கள். எல்லா வளைவுகளும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா? ஒன்று முன்னால் சாய்ந்திருந்தால் அதன் அடி முளையைப் பிடுங்கி நகர்த்துங்கள். கூரையில் மூலைக்கு மூலை சாய்வான சுருக்கம் ஓடுகிறதா? அடி நீள்சதுரம் கோணியிருக்கிறது என்று பொருள். தரையில் இரு மூலைவிட்டங்களையும் ஒரு கயிற்றால் அளந்து பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் ஒரு மூலையை மாற்றி அடியுங்கள். சுருக்கத்தைக் கயிற்றை இறுக்கித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அடி கோணலாக இருக்கும்வரை மேலே இறுக்க இறுக்கத் தையல்தான் பிரியும்.

பிறகு இழுகயிறுகள். பின்னாலும் முன்னாலும் இருப்பவை டென்டின் நீளக் கோட்டிலேயே நேராக நீள வேண்டும். பக்கத்துக் கயிறுகள் ஒவ்வொரு வளைவின் நேர்க்கோட்டில் வெளியே செல்ல வேண்டும். கயிற்றில் ஓடும் சிறு பிளாஸ்டிக் இறுக்கியைக் கயிற்றின் நடுவில் நிறுத்தி முளையை அடியுங்கள். கடைசிவரை இழுத்து அடித்துவிட்டால் பிறகு இறுக்க இடமிருக்காது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று பாதிக் கயிறுகளைப் பையிலேயே விடும் பழக்கம் பலருக்கு உண்டு. இரவு இரண்டு மணிக்குக் கைவிளக்கோடு வெளியே வந்து கட்டுவதைவிட மாலை நான்கு மணிக்குக் கட்டுவது எளிது. படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். பனி இறங்கியதும் துணி சற்றுத் தொய்யும், புதிதாக அடித்த முளைகளும் கொஞ்சம் இளகியிருக்கும்.

முதல் முறை இருவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், பழகியபின் அரை மணி. புது டென்டை வீட்டுப் பின்தோட்டத்தில் ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் மேலே பாய்ச்சி உள்ளே தையல்களைப் பார்த்தால், கசிவிருந்தால் கடையில் மாற்றிக்கொள்ள நாள் இருக்கும்.

காற்று

நேர்பின்னாலிருந்து வரும் காற்றை டனல் டென்ட் நன்றாகவே தாங்கும். பக்கவாட்டுக் காற்றுதான் அதன் பலவீனம். அகன்ற சுவர் பாய்மரம்போலக் காற்றை வாங்கி, வளைவுகளை உள்பக்கமாக அமுக்கும். சில டென்டுகளில் வளைவின் உட்புறம் இரண்டு பக்கமும் நாடாக்கள் தொங்கும். துணி காயப்போட அல்ல அவை. வளைவின் தோள்பட்டையை எதிர் மூலையோடு பிணைத்து அமுங்காமல் பிடிப்பதற்கானவை. காற்று நாளில் மாட்டிவிடுங்கள். காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறந்து வைக்கவே கூடாது. உள்ளே நுழைந்த காற்று டென்டைத் தூக்கும்.

வானிலை முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, திடீரென எழும் வீச்சுக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ.க்குள் என்றால், ஒழுங்காக இழுத்துக் கட்டிய மலிவு டென்ட் சமாளிக்கும். 60ஐத் தாண்டும் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கழற்றிக் காரில் போட்டுவிடுவதே நல்லது. காற்று ஏற்கெனவே வந்துவிட்டது, கழற்ற நேரமில்லை என்றால் ஒரு வழி உண்டு. ஆட்களை வெளியேற்றிவிட்டு, முளைகளை அப்படியே விட்டு, கம்புகளின் ஒரு பக்க முனைகளை மட்டும் ஊசியிலிருந்து விடுவியுங்கள். டென்ட் தரையோடு படுத்துக்கொள்ளும். கம்பு தப்பும், துணியும் கிழியாது. அந்த இரவைக் காரில் கழிக்கலாம்.

ஒழுகுகிறதா, வியர்க்கிறதா?

மலிவு டென்டைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி 'ஒழுகுகிறது' என்பதுதான். அவற்றில் பல ஒழுக்கே அல்ல. தூங்கும் நான்கு பேரின் மூச்சும் வியர்வையுமாகச் சேர்ந்தால் ஓர் இரவில் ஒரு லிட்டரளவு நீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். தெளிந்த இரவில் வெளித்துணி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். ஆவி அதன் உட்பக்கத்தில் பட்டு நீராகிறது. குளிர்ந்த சோடாப் புட்டியின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதேதான். உள் அறை தனித் துணியாகத் தொங்குவது இதற்காகவே. ஆவி உள் துணியைக் கடந்து போய் வெளித்துணியில் படிந்து, சுவர் வழியாக வழிந்து புல்லில் இறங்க வேண்டும். இரண்டு துணிகளும் ஒட்டினால் அந்த ஏற்பாடு கெட்டுப்போகும். வெளித்துணி தொய்ந்திருந்தாலும் ஒட்டும். விறைப்பாக இழுப்பதன் பயன் காற்றோடு முடிவதில்லை.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. உட்பக்கம் முழுவதும் ஒரே சீராக முத்து முத்தாகப் படிந்திருந்தால் வியர்வை. ஒரு தையலின் ஓரமாக மட்டும், ஒரே புள்ளியிலிருந்து சொட்டினால் கசிவு. வியர்வைக்கு மருந்து காற்றோட்டம். பின்பக்கத்துத் தாழ்ந்த சாளரமும் முன்பக்கத்து உயர்ந்த சாளரமும் இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். குளிருகிறதென்று எல்லாவற்றையும் அடைத்தால் காலையில் போர்வை ஈரமாகி இன்னும் குளிரும். நனைந்த துண்டுகளையும் மழைச் சட்டைகளையும் கூடத்தில் காயப்போடாமல் காரில் போட்டுவைத்தால் ஈரம் குறையும்.

மழை நாளில் கூரையைக் கவனியுங்கள். இரண்டு வளைவுகளுக்கிடையே துணி தொய்ந்தால் தண்ணீர் குளம் கட்டும். பத்து லிட்டர் தேங்கினால் பத்து கிலோ; அது இன்னும் தொய்வை உண்டாக்கி இன்னும் தண்ணீர் சேர்க்கும். உள்ளிருந்து உள்ளங்கையால் மெல்லத் தூக்கி வடித்துவிட்டு, முன்பின் கயிறுகளை இறுக்குங்கள். அடியில் தனியாக ஒரு விரிப்பு போட்டிருந்தால் அதன் விளிம்பு டென்டுக்கு வெளியே ஒரு விரலளவுகூட நீளக் கூடாது. நீண்டால் சுவரில் வழியும் மழையெல்லாம் அதில் விழுந்து, இரண்டு விரிப்புகளுக்கும் நடுவே வந்து சேரும். சரியாக மடித்து உள்ளே தள்ளாத ஒரு விரிப்பு, விரிப்பே இல்லாததைவிட மோசம்.

குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து மேலே மேலே போர்த்துவார்கள். ஜூலையிலும் மலைப்பக்கம் இரவு 10 பாகைக்குக் கீழே போகும், அந்தக் குளிர் வருவது தரையிலிருந்து. காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்று சுழன்று உடம்பின் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோகும். மெத்தைக்கு அடியில் நுரைப்பாய், மெத்தைக்கு மேலே ஒரு கம்பளி, அதன்மேல் படுக்கை. இரண்டு போர்வை இருந்தால் ஒன்று கீழே போகட்டும்.

அடுப்பு

பாலியெஸ்டர் தீயில் உருகிச் சொட்டும். கடுகு தாளிக்கும் எண்ணெய்ச் சட்டியைக் கூடத்துக்குள் வைப்பது வேண்டவே வேண்டாம். வெளியே, காற்றுத் தடுப்பு நிறுத்தி, டென்டிலிருந்து தள்ளிச் சமையுங்கள். அதைவிடக் கொடியது கரி அடுப்பு. சமைத்து முடித்து, நெருப்பு அணைந்ததுபோலத் தெரியும் பார்பிக்யூ தட்டைக் குளிருக்காக டென்டுக்குள் கொண்டுவந்து வைத்து, தூக்கத்திலேயே உயிர்கள் போன நிகழ்வுகள் பிரிட்டனில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. சாம்பல் பூத்த கரி மணிக்கணக்கில் அதை வெளியிடும். கதவு சற்றுத் திறந்திருக்கிறதே என்பது பாதுகாப்பாகாது. அந்த வாயுவைக் கண்டறியும், மின்கலத்தில் ஓடும் அலாரம் ஒன்றை உள் அறையில் தொங்கவிடுங்கள். அலாரம் இருக்கும் தைரியத்தில் அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள்.

சிறு கேன் அடுப்புகளில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். சுழியம் பாகையை நெருங்கும்போது அது ஆவியாவது நின்றுவிடும். எரிய எரிய ஆவியாதலால் கேன் தானாகவே மேலும் குளிரும். அதனால்தான் குளிர்ந்த காலையில் டீ கொதிக்கு முன்பே சுடர் சுருங்குகிறது. கேனை இரவில் காருக்குள் வெதுவெதுப்பாக வைப்பது ஓரளவு உதவும். புரப்பேன் கலந்த கேன் வாங்குவது இன்னும் நல்லது.

மின்சாரம் உள்ள இடத்தை எடுத்தால், நம் வீட்டுச் சோறு குக்கரே போதும், ஆவி மட்டும் வெளியே போகும்படி வாசலோரம் வையுங்கள். முதலில் திடலில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 10 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 2300 வாட். வீட்டுக் கெட்டில் தனியாகவே அதைத் தாண்டக்கூடும். 700 வாட் குக்கரும் சேர்ந்தால் நிச்சயம் தடை விழும். நீல நிற மூன்றுமுனைச் செருகியுள்ள நீண்ட கம்பியைச் சுருளோடு விடாமல் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்ட கம்பி சூடேறி உருகும். டென்டுப் பக்கம் முதலில் இணைத்து, திடலின் மின் இணைப்புக் கம்பத்தில் கடைசியாகச் செருகுங்கள். கழற்றும்போது அந்தக் கம்பத்தில் முதலில்.

வீடு திரும்பிய பிறகு

டென்டின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த இரண்டு நாள்தான். ஈரத்தோடு சுருட்டிக் கொண்டுவருவதில் தவறில்லை, பிரிட்டனில் பல நேரம் வேறு வழியும் இருக்காது. ஆனால் பையை மறுநாளே திறந்தாக வேண்டும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். கரும்புள்ளி விழுந்தால் முழுதாகப் போகாது. தோட்டமில்லாத அடுக்குமாடி வீட்டில் உள் அறைகளைத் தனியாகக் கழற்றிக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டு, வெளித்துணியைக் கதவுகளின் மேலும் மாடிப்படிக் கைப்பிடியின் மேலுமாகப் போட்டு, சில மணிக்கொருமுறை திருப்பிப் போடுங்கள். துணி காய்ந்த பிறகும் தையல்களும் கயிற்று நாடாக்களும் ஈரமாகவே இருக்கும், கடைசியாகத் தொட்டுப் பார்க்க வேண்டியவை அவை.

முழுக்கக் காயாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இன்னொன்றும் நடக்கும். துணியின் உட்புறத்துப் பாலியுரித்தேன் பூச்சு ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும். தொட்டால் பிசுபிசுக்கும், வாந்தி போன்ற நாற்றம் வரும். அதைச் சரிசெய்ய வழியில்லை. சலவை இயந்திரமும் சோப்புத் தூளும் இந்தப் பூச்சையும் நீர்விலக்கியையும் கெடுப்பவை. அழுக்கை வெறும் தண்ணீரும் பஞ்சும் கொண்டு துடைத்தால் போதும். மழைத்துளி உருண்டு ஓடாமல் துணியில் பரவி ஊறத் தொடங்கினால், நிக்வாக்ஸ் போன்றவர்கள் விற்கும் தெளிப்பானை அடித்துக்கொள்ளலாம். கசியும் தையலுக்கு உட்புறமாகத் தையல் பசையைத் தூரிகையால் மெல்லப் பூசி, ஓர் இரவு உலரவிடுங்கள்.

கம்புகளை மடக்கும்போது ஒரு முனையிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்குங்கள். உள்ளே ஓடும் ரப்பர் கயிற்றின் இழுப்பு இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படும். பையில் வைக்குமுன் ஒவ்வொரு துண்டையும் கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள், வெறுங்கையால் தடவினால் கண்ணாடி இழை தோலில் ஏறும். நீளவாக்கில் மயிரிழைபோல ஒரு கீறல் தெரிந்தால் அந்தத் துண்டு அடுத்த காற்றில் பிளக்கப்போகிறது. அதே விட்டத்தில் மாற்றுத் துண்டு சில பவுண்டுக்குக் கிடைக்கும், பழைய துண்டின் நீளத்துக்கு இரும்பறுக்கும் வாளால் வெட்டி, முனையை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ரப்பர் கயிற்றில் கோக்கலாம். முகாமிலேயே உடைந்தால் அந்த நேரத்துக்குக் காப்பாற்ற, உடைந்த இடத்தின் மேல் நுழையும் 15 செ.மீ. உலோகக் குழாய் ஒன்றும், அது நகராமல் இருக்க ஒட்டுநாடாவும் முளைப் பையிலேயே கிடக்கட்டும்.